சிம்ப்சன் பாலைவன மிதிவண்டிப் போட்டி: வரலாறு

ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதியில் உள்ள சிம்ப்சன் பாலைவனத்தை மலை மிதிவண்டியில் ஐந்து நாள்களில் கடக்கும் போட்டி 'சிம்ப்சன் டெசர்ட் பைக் சேலஞ்ச்' எனப்படுகிறது. இது 1987ஆம் ஆண்டு தொடங்கியது. தென் ஆஸ்திரேலியாவில் உள்ள பர்னி ஆழ்துளைக் கிணற்றில் புறப்படும் வீரர்கள், 500 கி.மீட்டருக்கு மேல் கிழக்கு நோக்கி ஓட்டி, குயின்ஸ்லாந்து மாநிலத்தின் பேர்ட்ஸ்வில் என்னும் சிற்றூரை அடைகின்றனர். பாலைவனத்தைக் கடக்கும் முயற்சிகள் இப்போட்டியைவிட மிகப் பழையவை. தண்ணீர் எங்கே கிடைக்கும், மணலில் கால் எவ்வளவு புதையும் என்ற இரண்டு கேள்விகளே எல்லாக் காலத்திலும் அவற்றின் போக்கை முடிவு செய்தன.

நில அமைப்பு

சிம்ப்சன் பாலைவனம் ஏறத்தாழ 1,76,500 சதுர கி.மீ. பரப்புடையது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட மணல்மேடுகள் வடமேற்கிலிருந்து தென்கிழக்காக, உழுத சால்கள்போல இணையாக நீண்டு கிடக்கின்றன. சில மேடுகள் 200 கி.மீ. வரை நீளமுடையவை. ஆகவே மேற்கிலிருந்து கிழக்கே செல்பவர் ஒவ்வொரு மேட்டையும் ஏறி இறங்கியாக வேண்டும். மேடுகளின் மேற்குச் சரிவு சாய்வாகவும் கிழக்குச் சரிவு செங்குத்தாகவும் இருக்கும். போட்டி கிழக்கு நோக்கி நடப்பதால் வீரர்கள் எளிய பக்கத்தில் ஏறுகின்றனர். பேர்ட்ஸ்வில்லுக்கு மேற்கே உள்ள 'பிக் ரெட்' மேடு சுமார் 40 மீட்டர் உயரமானது.

முதலில் கடந்தவர்கள்

1845இல் சார்லஸ் ஸ்டர்ட் இப்பாலைவனத்தின் விளிம்பைத் தொட்டுத் திரும்பினார். 1936இல் டெட் கோல்சன் ஐந்து ஒட்டகங்களுடன் 16 நாள்களில் பேர்ட்ஸ்வில்லை அடைந்தார். பாலைவனத்தைக் கடந்த முதல் ஐரோப்பியர் என அவர் போற்றப்படுகிறார். அவருடன் சென்ற பழங்குடித் துணைவர் பீட்டர் எயின்ஸின் பெயர் பல குறிப்புகளில் விடுபட்டுப் போகிறது.

ஆனால் வாங்கங்குரு மக்களுக்கு இது கடக்க வேண்டிய வெற்றிடமாக இருந்ததில்லை; அவர்கள் வாழ்ந்த ஊரே இதுதான். மேடுகளுக்கு இடையே கையால் தோண்டிய 'மிகிரி' என்னும் குறுகலான கிணறுகளைச் சுற்றி அவர்கள் வாழ்ந்தனர். 1900ஆம் ஆண்டை ஒட்டி அவர்கள் பாலைவனத்தை விட்டு வெளியேறினர். சிறுவனாக அப்படி வெளியேறியவர்களுள் ஒருவரான மிக் மெக்லீன், கிணறுகளின் பெயர்களையும் கதைகளையும் மொழியியலாளர் லூயிஸ் ஹெர்கஸிடம் பிற்காலத்தில் கூறினார். ஒன்பது கிணறுகளைப் பற்றிய ஆய்வுக் கட்டுரை 1986இல், அதாவது போட்டி தொடங்குவதற்கு ஓராண்டு முன்பு வெளிவந்தது.

எண்ணெய் தேடிய தடங்கள்

இன்றைய வண்டித் தடங்கள் கிணறுகளை ஒட்டி அமைந்தவை அல்ல. 1960களில் எண்ணெய் தேடிய நிறுவனங்கள் நில அதிர்வு ஆய்வுக்காக மேடுகளை வெட்டி நேர்கோட்டில் பாதை அமைத்தன. 'பிரெஞ்சு லைன்' அவ்வாறு 1963இல் உருவானது. அதே தேடலில் தோண்டப்பட்ட பர்னி கிணற்றில் எண்ணெய் கிடைக்கவில்லை. நிலத்தடி வெந்நீர் பீறிட்டது. அது பாய்ந்த இடம் பறவைகள் கூடும் சதுப்பு நிலமாயிற்று. போட்டியின் தொடக்க இடம் இதுவே.

போட்டி நடக்கும் முறை

ஆஸ்திரேலியப் பாலை நிலங்களில் மிதிவண்டி புதியதன்று. 1890களின் தங்க வேட்டைக் காலத்திலேயே தூதுவர்கள் சைக்கிளில் சென்றனர். 1897இல் ஜெரோம் முரிஃப் அடிலெய்டிலிருந்து டார்வின் வரை ஓட்டினார். ஒட்டகங்களின் அகன்ற பாதங்கள் அழுத்திக் கெட்டியாக்கிய தடங்கள் அன்றைய சைக்கிள்காரர்களுக்குப் பெரிதும் உதவின. சிம்ப்சனின் மேடுகளில் அத்தகைய தடம் இல்லை.

போட்டியில் நாளொன்றுக்கு இரண்டு கட்டங்கள் உண்டு. காலையில் நீண்ட கட்டமும், பிற்பகலில் குறுகிய கட்டமும் நடைபெறும். கடைசியில் ஒரு வண்டி குறிப்பிட்ட சராசரி வேகத்தில் வந்துகொண்டிருக்கும். அது ஒருவரைத் தாண்டிவிட்டால் அந்தக் கட்டம் அவருக்கு முடிந்தது. வண்டியில் ஏறிக்கொள்ள வேண்டியதுதான். அடுத்த கட்டத்தில் அவர் மீண்டும் ஓட்டலாம். கடும் வெயிலில் மயங்குபவர்களைத் தனியே விட்டுவிடாமல் காப்பதும் இவ்விதியின் பயன்.

தொடக்க ஆண்டுகளில் சாதாரண மலை மிதிவண்டியின் சக்கரங்கள் மணலில் புதைந்தன. வீரர்கள் பல மேடுகளில் வண்டியைத் தள்ளியே ஏறினர். 2005ஐ ஒட்டி, ஏறத்தாழ 4 அங்குல அகல டயர் கொண்ட மிதிவண்டிகள் கடைகளில் பரவலாகக் கிடைக்கத் தொடங்கின. இவற்றில் காற்றழுத்தத்தை வெகுவாகக் குறைக்கலாம். அப்போது டயர் பரந்து, எடை பெரிய பரப்பில் பகிரப்பட்டு, சக்கரம் மணலின் மேலாகவே உருளும். ஒட்டகத்தின் பாதமும் இவ்வாறே செயல்படுகிறது.

தண்ணீரும் உதவியும்

தடத்தைச் சக்கரம் ஓரளவு எளிதாக்கியது. தண்ணீரின் நிலை மாறவில்லை. ஒரு நாளுக்குத் தேவையான நீர் முழுவதையும் ஓட்டுநர் சுமக்க இயலாது. நீர், உணவு, மருத்துவம் அனைத்தையும் நான்கு சக்கர இயக்க வண்டிகளில் தன்னார்வலர்கள் கொண்டுசெல்கின்றனர். போட்டியின் வழியாகத் திரட்டப்படும் நிதி, 1928இல் ஜான் ஃபிளின் முயற்சியால் தொடங்கிய பறக்கும் மருத்துவர் சேவைக்குச் செல்கிறது. தொலைதூர உள்நாட்டில் ஒருவர் நோயுற்றால் பெரும்பாலும் நம்பியிருப்பது அச்சேவையைத்தான்.

2014இல் வாங்கங்குரு, யர்லுயாண்டி மக்களின் பூர்வீக நில உரிமை நீதிமன்றத்தால் ஏற்கப்பட்டது. 2021இல் தென் ஆஸ்திரேலியப் பகுதி 'முங்கா-திர்ரி' என்ற அவர்களது பெயருடன் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அப்பெயர் பெரிய மணல்மேட்டு நாட்டைக் குறிக்கிறது. இன்று போட்டியாளர்கள் கொண்டுவரும் நீரை நம்பிக் கடக்கும் இந்நிலத்தில், அதன் முன்னோர் கிணறு ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி அறிந்து தலைமுறைகளாக வாழ்ந்தனர்.