பெரம்பலூர் - அரியலூர் வட்டார மச்சு வீடுகள்: மரத்தளமும் மீட்பும்

மச்சு என்பது மர உத்திரங்களின் மேல் செங்கலும் சுண்ணாம்பும் பரப்பி அமைக்கப்படும் தளமாகும். கீழ்வீட்டுக்கு அது கூரை, மாடிக்கு அதுவே தரை. மேலைநாடுகளில் பழைய வீட்டின் மரத்தரை என்றால் பலகை பாவிய தரையையே எண்ணுவர். குமரி மாவட்டத்துப் பத்மநாபபுரம் அரண்மனையின் மாடிகளிலும் அத்தகைய பலகைத் தரை உண்டு. மச்சு வீட்டிலோ மரம் காலடியில் தெரிவதில்லை. கீழே நின்று அண்ணாந்து பார்த்தால்தான் தெரியும். ஆயினும் மாடியில் நடப்பவரைத் தாங்குவது அந்த மரமே.

இவ்வகைத் தளத்தைக் கொத்தனார்கள் மெட்ராஸ் ஒட்டு என்பர். சுவருக்குச் சுவர் உத்திரங்களை ஏற்றி, அவற்றின் மேல் ஏறத்தாழ ஒன்றரை அடி இடைவெளியில் கட்டைகளை அடுக்குவர். ஓர் அங்குலக் கனமுள்ள சிறு செங்கற்களைச் சுண்ணாம்புக் கலவையில் தோய்த்து, செங்குத்தாக நிறுத்தி, அறையின் மூலையிலிருந்து சாய்வரிசையாக ஒட்டிச் செல்வர். கீழே சாரமோ தாங்குபலகையோ கிடையாது. ஒரு கல் அடுத்த கல்லில் ஒட்டியே நிற்கும். ஒட்டு என்னும் பெயருக்கு இதுவே பொருத்தமான விளக்கமாகத் தோன்றுகிறது. அதன்மேல் செங்கல் சல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கடுக்காய் ஊறிய நீரும் வெல்லநீரும் தெளித்து, மரக்கட்டைகளால் நாட்கணக்கில் அடித்து இறுக்குவர். தட்டோடு பதிப்பது கடைசி வேலை.

சுண்ணாம்புக்கு இவ்வட்டாரத்தில் பஞ்சமில்லை. கிரிட்டேசியக் காலத்துக் கடல் விட்டுச்சென்ற சுண்ணாம்புக்கல் அரியலூர் மண்ணுக்கடியில் பரந்து கிடக்கிறது. மரந்தான் அரிது. எளிய வீடுகளில் பனங்கட்டையும் வேம்பும் உத்திரமாயின. வசதியுள்ளவர்கள் பர்மா தேக்கை நாடினர்.

1939இல் கள்ளக்குடியில் டால்மியா சிமெண்ட் ஆலை தொடங்கப்பட்டது. (ஊர்ப்பெயர் டால்மியாபுரம் என்று மாறியதை எதிர்த்து 1953 ஜூலையில் நடந்த போராட்டமே இன்று பலருக்கு நினைவிருக்கிறது.) 1942இல் ரங்கூன் ஜப்பானியர் வசமானதும் பர்மா தேக்கு வரத்து அறுந்தது. சிமெண்ட் பக்கத்திலேயே கிடைக்கத் தொடங்கிய மூன்றே ஆண்டுகளில் மரம் கிடைக்காமற் போயிற்று. 1979இல் அரியலூரில் அரசு சிமெண்ட் ஆலையும் வந்தது. மச்சுக்குச் சுண்ணாம்பு தந்த அதே கல், மச்சை வழக்கொழியச் செய்த சிமெண்டுக்கும் மூலப்பொருளானது.

இன்று எஞ்சியுள்ள மச்சுகளைக் கெடுப்பதும் பெரும்பாலும் சிமெண்டே. தளம் ஒழுகினால் மேலே சிமெண்ட் கலவை கொட்டுவதும், சுவருக்குச் சிமெண்ட் பூசுவதும் வழக்கமாகிவிட்டது. சுண்ணாம்பு ஈரத்தை வாங்கி வெளியே விடும். சிமெண்ட் பூச்சு அதைச் சுவருக்குள்ளேயே அடைத்துவிடும். சுவருக்குள் புதைந்திருக்கும் உத்திரத்தின் நுனி ஈரத்தில் ஊறி அழுகும், கரையானும் ஏறும். மேலே கொட்டிய கலவையின் பாரமும் அந்த நுனியில்தான் இறங்குகிறது. நடுவில் மரம் கல்போல் உறுதியாக இருக்க, கண்ணுக்குத் தெரியாத நுனியில் தளம் இற்றுப்போவதால், இடிந்து விழும்வரை வீட்டார் அறிவதில்லை.

இத்தகைய உத்திரத்தை முழுதாகக் கழற்ற வேண்டியதில்லை. தளத்துக்கு முட்டுக் கொடுத்து, அழுகிய நுனியைச் சரிவாக அறுத்து, அதே இன மரத்தில் அதே சரிவில் செதுக்கிய துண்டைப் பொருத்தி மர ஆணி அடிக்கலாம். நார் ஓடும் திசை ஒத்திருக்க வேண்டும். புதுத்துண்டு நன்கு உலர்ந்ததாகவும் இருக்க வேண்டும். பச்சை மரம் பின்னர் சுருங்கி மூட்டு விலகும். தோட்டத் தேக்கில் வெள்ளை மிகுதி, வைரம் குறைவு. பழைய தேக்கின் நெருங்கிய வளையங்கள் அதில் இரா. நிறத்தை மெருகெண்ணெய் பூசி ஓரளவு ஒப்பேற்றலாம், உறுதியை ஒப்பேற்ற முடியாது.

ஆகவே தச்சர்கள் பழைய மரத்தையே தேடுகின்றனர். காரைக்குடியின் பழைய மரக்கடைகளில் செட்டிநாட்டு வீடுகளை இடித்தெடுத்த தூண்களும் உத்திரங்களும் விற்பனைக்குக் கிடக்கின்றன. ஒரு மச்சைக் காப்பதற்கான மரம் இடிந்த இன்னொரு வீட்டிலிருந்து வருகிறது என்பது இத்தொழிலின் சங்கடம்.

பச்சைமலை அடிவாரத்து அரும்பாவூரின் மரச்சிற்பத்துக்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வாகை, மா, வேம்பு முதலிய மரங்களைத் தேர்ந்து உலர்த்திச் செதுக்குவதில் அவ்வூரார் வல்லவர். எனினும் அவர்கள் கைத்திறன் தெய்வ உருவங்களுக்கும் கோயில் வாகனங்களுக்கும் உரியது. உத்திரம் ஒட்டுவது வீட்டுத் தச்சரின் வேலை. அவர்களுக்குக் குறியீடும் இல்லை, வேலையும் அரிது.

அரசுக் கட்டடங்களின் நிலை சற்று வேறு. 1768இல் எழுந்த சென்னைச் சேப்பாக்கம் அரண்மனையின் ஹுமாயூன் மகாலைப் பொதுப்பணித்துறை புதுப்பித்தபோது மெட்ராஸ் ஒட்டு முறையே பின்பற்றப்பட்டது. அங்கு மரத்துக்கும் நாட்கணக்கில் தளம் அடிக்கும் கூலிக்கும் அரசு பணம் ஒதுக்க முடிந்தது. அரியலூர்த் தெருவில் மச்சு வீடு வைத்திருப்பவருக்கு அத்தகைய ஒதுக்கீடு கிடையாது. ஒழுகும் இடத்தில் பூச அவருக்கு மலிவாகக் கிடைப்பது பக்கத்து ஆலையின் சிமெண்ட் மூட்டைதான்.