வடபுலக் காடும் துவக்கின் துளையும்: யானை வேட்டை பற்றிய ஒரு சமூக வரலாற்று நோக்கு

ஈழத்து வடபுலத்தின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் நிலவுடைமை, சாதியமைப்பு, சமயம், கல்வி ஆகியன குறித்து விரிவாக ஆராய்ந்துள்ளனர். காடும் காட்டு விலங்கும் அவ்வரலாற்றிற் பெற்ற இடம் அத்துணை கவனம் பெறவில்லை. பெருவிலங்கை வீழ்த்துதற்கு எத்தகைய துவக்கு ஏற்றது, அதன் துளை எவ்வளவினதாக இருத்தல் வேண்டும் என்னும் வினா, மேலோட்டமாக நோக்குமிடத்து வேட்டைக்காரர்க்கு மட்டுமே உரிய தொழில்நுட்ப வினாவாகத் தோன்றும். ஆயினும் எந்தத் துவக்கு எவர் கையில் இருக்கலாம் என்பதை அதிகாரமே தீர்மானித்து வந்தமையால், அது சமூக வரலாற்று வினாவுமாகும். இக்கட்டுரையில் யாழ்ப்பாணக் குடாநாட்டையும் அதனை அடுத்த வன்னிப் பெருநிலத்தையும் களமாகக் கொண்டு அவ்வினாவை நோக்குவோம்.

1. உயிருள்ள யானை

குடாநாடு யானைக் காடன்று. ஆயின் யானை வாணிகத்தின் வாயிலாக அது நெடுங்காலம் விளங்கிற்று. ஆனையிறவு என்னும் இடப்பெயரே வன்னிக் காட்டு யானைகள் கடனீரேரியைக் கடந்து குடாநாட்டினுட் கொண்டுவரப்பட்டமையை நினைவூட்டுகின்றது. ஊர்காவற்றுறைக்கு ஐரோப்பியர் வழங்கிய ‘கயிற்ஸ்’ என்ற பெயரும் யானைத்துறை எனப் பொருள்படும் போர்த்துக்கேயத் தொடரின் திரிபே எனக் கருதப்படுகின்றது. 1619 இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய போர்த்துக்கேயரும், 1658 இல் அவர்களை வென்ற ஒல்லாந்தரும் வன்னிமைகளிடமிருந்து யானைகளைத் திறையாகக் கோரினர். யாழ்ப்பாணத்து ஒல்லாந்தத் தளபதி சுவார்தகுறோன் 1697 இல் தமக்குப் பின் வருவோர்க்கு எழுதிவைத்த அறிவுறுத்தற் குறிப்பில் வன்னியரின் யானைத்திறை முதன்மையான விடயங்களுள் ஒன்றாக இடம்பெறுகின்றது.

இவ்வமைப்பில் யானையின் பெறுமதி அதன் உயிரிலேயே தங்கியிருந்தது. இறந்த யானை திறையாகாது, கப்பலேறாது. ஆதலின் யானையைப் பொறுத்தமட்டிற் சிறந்த கருவி துவக்கன்று, கயிறேயாகும். மானின் தோலையோ எருமைத் தோலையோ திரித்துச் செய்த வலிய வார்க்கயிற்றைக் கொண்டு யானையின் பின்காலிற் சுருக்கிட்டு அதனை மரத்தோடு பிணிக்கும் பணிக்கர் இத்தொழிலில் வல்லவர். இவர்களுட் பலர் வடக்கிலும் வடமேற்கிலும் வாழ்ந்த முஸ்லிம்களாவர். வன்னியிலே வழங்கும் அரியாத்தை கதை யானையை அடக்கிய பெண்ணொருத்தியைப் பாடுகின்றது. அக்கதையின் வரலாற்றுண்மை எவ்வாறாயினும், யானையைக் கொல்வதிலன்றி அடக்குவதிலேயே வீரத்தைக் கண்ட சமுதாயத்தின் மனப்பாங்கு அதிற் பதிவாகியுள்ளது எனலாம்.

2. விலை வைக்கப்பட்ட தலை

யாழ்ப்பாணம் 1795 இல் பிரித்தானியர் வசமாயிற்று. அடுத்த அரை நூற்றாண்டில் யானையின் பெறுமதி தலைகீழாயிற்று. யானை வாணிகம் பழைய முதன்மையை இழந்தது. யானைப்பந்திகளை அமைத்து யானைகளை வளைத்துச் செலுத்துவதற்குப் பெருந்தொகையான மக்களின் கட்டாய உழைப்பு வேண்டியிருந்தது. இராசகாரியம் 1832 இல் ஒழிக்கப்பட்டபின் அவ்வுழைப்பை முன்போற் பெறல் இயலாதாயிற்று. வீதிகளும் பெருந்தோட்டங்களும் விரிந்த காலத்தில் யானை அரசின் செல்வம் என்ற நிலையிலிருந்து இறங்கி, அரசுக்கு இடையூறு என்ற நிலையை அடைந்தது. கொல்லப்படும் யானையொன்றுக்குச் சில சிலிங் வெகுமதி வழங்கப்பட்டது.

1845 முதல் 1850 வரை குடியேற்ற நாட்டுச் செயலாளராகப் பணிபுரிந்த சேர் எமேர்சன் தெனன்ற், 1859 இல் வெளியான தமது இலங்கை பற்றிய நூலில் ஒரு தொகையைத் தருகின்றார். 1848 க்கு முந்திய மூன்றாண்டுக்கும் குறைந்த காலத்தில், வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3500 யானைகளுக்கு வெகுமதி கோரப்பட்டது என்பதே அதுவாகும். நாளொன்றுக்கு மூன்று யானைகளுக்கு மேல் என்பது இதிலிருந்து பெறப்படும். 2011 இல் நடந்த கணக்கெடுப்பு இலங்கை முழுவதிலும் 5879 காட்டு யானைகள் இருந்தனவெனக் காட்டிற்று. அத்தொகையிற் பாதிக்கு மேற்பட்டவை அன்று ஒரு மாகாணத்தின் ஒரு பகுதியிலேயே மூன்றாண்டுக்குள் அழிக்கப்பட்டன.

இத்தொகையை வாசிக்கும்போது இன்னொன்றையும் கருத்திற் கொள்ளல் வேண்டும். வெகுமதிக் கணக்கு, கோரப்பட்டவற்றை மட்டுமே காட்டும். சன்னம் பாய்ந்து காட்டினுள் ஓடி, நாட்கள் கழித்து இறந்த யானைக்கு எவரும் பணம் கோரியிருத்தல் அரிது. ஆகவே 3500 என்பது அழிவின் கீழெல்லையே. மேலெல்லை எதுவாக இருந்திருக்கும் என்பது பெருமளவிற்குப் பயன்படுத்தப்பட்ட துவக்கின் தன்மையைப் பொறுத்தது. இங்கேதான் துளை பற்றிய வினா வரலாற்றினுட் புகுகின்றது.

3. துளையின் கணக்கு

அக்காலத்திற் பெருந்துவக்கின் துளை அங்குலத்தால் அன்றி எண்ணாற் குறிக்கப்பட்டது. ஒரு இறாத்தல் ஈயத்திலிருந்து துளைக்குப் பொருந்தும் உருண்டைகள் எத்தனை வார்க்கலாமோ, அத்தொகையே துளையின் எண். எனவே எண் சிறுக்கத் துளை பெருக்கும். 12 ஆம் எண் துளை ஏறக்குறைய 18.5 மில்லிமீற்றர், 8 ஆம் எண் 21 மில்லிமீற்றர், 4 ஆம் எண் 26.7 மில்லிமீற்றர்.

1854 இல் வெளிவந்த தமது இலங்கை வேட்டை நூலிற் சாமுவேல் பேக்கர் தமது துவக்குகளை விவரிக்கின்றார். நான்கு அவுன்சு குண்டைச் செலுத்துவதும் 21 இறாத்தல் நிறையுடையதுமான ஒற்றைக்குழல் துவக்கொன்று. இரண்டு அவுன்சுக் குண்டுக்குரிய, 16 இறாத்தல் நிறையுடைய நீண்ட துவக்கொன்று. இவற்றோடு 10 ஆம் எண் துளையுடைய இரட்டைக்குழல் துவக்குகள் நான்கு. இவை யாவும் உள்வரி வெட்டப்பட்ட குழல்களையுடையன. வரியில்லாக் குழல்களைத் தாம் ஒரு பொருட்டாக மதிப்பதில்லை என்பது அவர் கருத்து.

இத்துணைப் பெரிய துளை ஏன் வேண்டப்பட்டது? கரிமருந்து குண்டுக்குக் கொடுக்கும் வேகம் குறைவு. மென்மையான ஈயம் எலும்பிற் பட்டதும் தட்டையாகும். யானையின் மண்டையோடோ தடித்தது. தேன்கூடு போன்ற காற்றறைகளைக் கொண்டது. அதனுள்ளே ஆழத்தில் மூளை சிறியதோர் இடத்திலேயே அமைந்துள்ளது. வேகத்தால் ஊடுருவ இயலாதவிடத்து நிறையாலேயே ஊடுருவுதல் வேண்டும். குண்டின் நிறையைக் கூட்டினால் மருந்தைக் கூட்டவேண்டும். மருந்தைக் கூட்டினால் பின்னுதைப்பைத் தாங்கத் துவக்கின் நிறையைக் கூட்டவேண்டும். வாய்வழியே மருந்திடும் துவக்கு ஒன்றிரண்டு வெடிகளோடு பயனற்றதாகும். யானை எதிரே நிற்கையில் மீள மருந்திட அவகாசமில்லை. ஆதலின் பல துவக்குகள் வேண்டும். அவற்றைக் காவிச்செல்ல ஆட்களும் வேண்டும். துரையின் ‘வீரம்’ எனப் போற்றப்பட்டதன் பின்னே, வேட்டை நூல்களிற் பெரும்பாலும் பெயர் குறிக்கப்படாத கூலியாட்களின் தோள்கள் இருந்தன.

மேஜர் ரொஜர்ஸ் என்பார் 1400 க்கு மேற்பட்ட யானைகளைக் கொன்றவராகப் பேசப்பட்டார். ஊவாப் பகுதியில் அதிகாரியாக இருந்த அவர் 1845 இல் அப்புத்தளையில் இடி விழுந்து மாண்டார். அவரது தொகையை வியந்து கூறுவோர், வட மாகாணத்து 3500 யானைகளைக் கொன்றோரின் பெயர்களைக் கேட்பதில்லை. வெகுமதியாகக் கிடைத்த சில சிலிங்கை நாடியோர் இத்தகைய துரைமார் அல்லர் என்பது வெளிப்படை. வறிய வேட்டைக்காரன் கையில் இருபத்தொரு இறாத்தல் துவக்கு இருந்திருக்க முடியாது. வரியில்லாக் குழலும் குறைந்த மருந்தும் கொண்ட துவக்கோடு, மிக அருகிற் சென்று சுடுவதே அவனுக்கிருந்த வழி. அவன் தன் உயிரைப் பணயம் வைத்தான். குறி தவறினால் யானை காயத்தோடு அலைந்தது.

4. சிறுத்த துளையும் பெருத்த அச்சமும்

1886 இல் பிரான்சியப் படை புகையில்லா மருந்தைக் கையாளத் தொடங்கியபின் துளையின் கணக்கு மாறிற்று. 1898 இல் இலண்டனிலே அறிமுகமான .450 ‘நைற்றோ எக்ஸ்பிரஸ்’ தோட்டா 480 கிறேன், அதாவது ஏறத்தாழ 31 கிராம் நிறையுள்ள குண்டை விநாடிக்கு 650 மீற்றருக்கு மேற்பட்ட வேகத்திற் செலுத்திற்று. பேக்கரின் நான்கு அவுன்சுக் குண்டு 113 கிராம். நிறை நான்கிலொன்றாகவும் விட்டம் பாதிக்கும் குறைவாகவும் சிறுத்தபோதும், வன்மையான உறையிட்ட குண்டு எலும்பை ஆழமாக ஊடுருவிற்று. ஆபிரிக்காவில் ஆயிரத்தளவு யானைகளைக் கொன்ற டபிள்யூ. டி. எம். பெல் அவற்றிற் பெரும்பாலானவற்றை 7 மில்லிமீற்றர் துவக்காலேயே வீழ்த்தினார். யானையின் மண்டையோட்டமைப்பை அவர் நுணுகிக் கற்றிருந்தமையே அதற்குக் காரணம். துளையினும் அறிவே முதன்மையானது என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

ஆயின் துளையைத் தெரிவு செய்தது வேட்டைக்காரனின் அறிவு மட்டுமன்று. 1907 இல் இந்தியாவிலும் சூடானிலும் .450 துளைத் துவக்குகளின் இறக்குமதி தடைசெய்யப்பட்டது. அத்துளை பழைய மார்ட்டினி-ஹென்றிப் படைத்துவக்கின் துளையாகும். வேட்டைத் தோட்டாக்கள் கிளர்ச்சியாளர் கையிலிருந்த அத்துவக்குகளுக்குப் பயன்படும் என அரசு அஞ்சியது. பிரித்தானியத் துவக்குச் செய்வோர் .465, .470, .475 எனச் சிறிதே மாறிய துளைகளை ஆக்கித் தடையைக் கடந்தனர். யானையைப் பொறுத்தமட்டில் .450 க்கும் .470 க்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. பேரரசைப் பொறுத்தமட்டில் வேறுபாடு இருந்தது. ஆளப்படுவோர் கையிற் படைத்துவக்கின் தோட்டா சேரலாகாது என்பதே துளையை வகுத்த விதியாகும்.

5. இடியன் துவக்கு

இலங்கையில் 1891 இன் சட்டம் யானை முதலிய விலங்குகளை வீணே அழிப்பதைத் தடுக்க முற்பட்டது. 1894 இல் வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கம் தோன்றியது. அதன் முன்னோடிகள் பெரும்பாலும் தோட்டத்துரைமாரும் வேட்டையாளருமாவர். 1916 இன் 33 ஆம் இலக்கச் சுடுகருவிகள் கட்டளைச்சட்டம் துவக்கு உரிமத்தை ஒழுங்குபடுத்திற்று. 1937 இன் 2 ஆம் இலக்க வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச்சட்டம் 1938 இல் நடைமுறைக்கு வந்தது. காட்டு விலங்கைக் காத்தல் என்ற வகையில் இச்சட்டங்களின் பயனை நாம் மறுக்கவில்லை. ஆயினும், முன்பு வெகுமதி வழங்கி அழிப்பித்த அதே ஆட்சி, பின்னர் அழிவின் பொறுப்பைக் கிராமத்தவன் மீது சுமத்திற்று. உரிமம் பெற்ற துரையின் வேட்டை விளையாட்டு எனப்பட்டது. புனத்தைக் காக்கவும் கறிக்காகவும் குடியானவன் வைத்த வெடி திருட்டு வேட்டை எனப்பட்டது.

வன்னியான் கையிலிருந்தது இடியன் துவக்கு. குழலின் வாய்வழியே மருந்தை இட்டு இடித்து நிறைப்பதால் அப்பெயர் வந்தது. உப்புவெடி, கரி, கந்தகம் சேர்ந்த மருந்தும், ஈயத்துண்டோ இரும்புத்துண்டோ ஆகிய சன்னமுமே அதற்குப் போதும். பன்றிக்கும் மானுக்கும் அது பயன்பட்டது. யானையைக் கொல்ல ஏற்றதன்று. ஒழுங்கற்ற சன்னத்துக்கு வேகமும் ஊடுருவலும் குறைவு. அது தசையிற் தங்கிப் புண்ணாகிச் சீழ்பிடிக்கும். காயப்பட்ட அலியன் மீண்டும் ஊர்ப்பக்கம் வருகையில் எதிர்ப்படுபவன் சுட்டவனாகவே இருக்கவேண்டும் என்பதில்லை. வயலுக்குச் செல்லும் பெண்ணாகவோ பள்ளிக்குச் செல்லும் பிள்ளையாகவோ இருக்கலாம். மிருகத்தின் தடத்திற் கட்டிவைக்கப்படும் கட்டுத்துவக்கோ விலங்கையும் மனிதனையும் வேறுபடுத்தி அறியாது. தகாத துளையின் விலையை யானையும் ஏழையும் ஒருங்கே செலுத்துகின்றனர்.

6. முடிவுரை

இதுவரை நோக்கியவற்றிலிருந்து மூன்று முடிவுகள் பெறப்படும். முதலாவது, யானையின் பெறுமதியை நிர்ணயித்தது அதன் இயல்பன்று. அந்தந்தக் காலத்து ஆட்சியின் பொருளாதாரத் தேவையே. இரண்டாவது, துவக்கின் துளை பொறியியலால் மட்டும் தீர்மானிக்கப்படவில்லை. வருமானமும் உரிமமும் கிளர்ச்சி பற்றிய அச்சமும் அதனைத் தீர்மானித்தன. மூன்றாவது, வடபுலத்து யானையின் அழிவைக் குடியானவனின் பேராசையாகக் காட்டும் கூற்று, வெகுமதி வழங்கிய அரசின் கையை மறைக்கின்றது.

இன்று இலங்கையில் யானை வேட்டை சட்டத்தால் தடைசெய்யப்பட்டுள்ளது. வடக்கில் பெருவிலங்குக்கு எத்துளை ஏற்றது என்ற வினாவுக்கு இன்றைய விடை, எத்துளையும் அன்று என்பதே. ஆயினும் அண்மைய ஆண்டுகளில் நாடெங்கும் ஆண்டொன்றுக்கு நானூறுக்கு மேற்பட்ட யானைகளும் நூற்றுக்கு மேற்பட்ட மனிதரும் மாண்ட நிலையைக் காண்கின்றோம். 1983 முதல் 2009 வரை நீடித்த போரின்பின் மீளக்குடியேறிய வன்னி மக்கள், தாம் இல்லாத காலத்திற் காடாகிய வயல்களை மீண்டும் திருத்துகையில், அவ்விடங்களைத் தம் மேய்ச்சலாக்கிக்கொண்ட யானைகளை எதிர்கொண்டனர். இம்முரண்பாட்டைத் துவக்கு தீர்க்காது என்பதற்குக் கடந்த இரு நூற்றாண்டுகளே சான்று. நிலப்பயன்பாடு, குளங்களின் பராமரிப்பு, யானைத் தடங்களை விட்டுக் குடியேற்றங்களை அமைத்தல், பயிரிழப்புக்குக் காலந்தாழ்த்தாத ஈடு ஆகியவற்றில் வன்னிக் குடியானவனின் குரலுக்கு இடமளிக்கும் திட்டமே வேண்டற்பாலது. பணிக்கர் மரபும் வேட்டைச் சொற்களும் அவற்றை அறிந்த முதியோரோடு மறைவதற்கு முன் தொகுக்கப்படல் வேண்டும். துரைமாரின் வேட்டை நூல்கள் சொல்லாது விட்ட வரலாற்றை அங்கிருந்தே நாம் எழுதத் தொடங்கலாம்.