வேஷமும் வாசலும்: சித்தூர் எல்லை நாட்டில் நடிகரும் ரசிகரும்

ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூருக்குப் போகும் ரயில் குப்பத்தைக் கடந்ததும் குடுபல்லி வருகிறது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே சந்தையில் கலந்து புழங்கும் ஊர்ப்புறம் இது. 1911இல் சித்தூர் மாவட்டம் அமையும்வரை இந்தப் பகுதி வட ஆர்க்காட்டோடு இருந்தது. 1960இல் திருத்தணி சென்னை மாநிலத்துக்குப் போனது, 2022இல் திருப்பதி தனி மாவட்டமானது. எல்லைக் கோடுகள் இத்தனை முறை மாறியும் பாரதக் கூத்து இரு பக்கமும் நடந்துகொண்டேதான் இருந்தது. தமிழில் தெருக்கூத்து, தெலுங்கில் வீதி நாடகம். கோயில் திரௌபதி அம்மனுடையது, அல்லது தர்மராஜாவுடையது.

ரசிகர் நடிகரை எங்கே, எப்படி நெருங்க முடிந்தது, அந்த நெருக்கம் காலப்போக்கில் எப்படி மாறியது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. நாடக வரலாறு எழுதியவர்கள் மேடையைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். மேடைக்குப் பின்புறமும் பக்கவாட்டு வாசலும் அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. என் கருத்து இது: கூத்தில் நடிகரையும் ரசிகரையும் பிரித்த எல்லை நடிகரின் உடம்பின் மேலேயே இருந்தது. வேஷம்தான் அந்த எல்லை. டிக்கெட்டும் கொட்டகைச் சுவரும் வந்த பிறகு அது உடம்பை விட்டுக் கதவுக்கு இடம் மாறியது.

வேஷம் கட்டும் கொட்டகை பெரும்பாலும் களரிக்கு, அதாவது கூத்து ஆடும் களத்துக்கு, பக்கத்திலேயே ஓலையோ துணியோ மறைத்த ஓர் இடம். முன்னிரவிலேயே நடிகர்கள் கையில் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு தங்கள் முகத்தைத் தாங்களே எழுதத் தொடங்குவார்கள். துரியோதனனுக்குச் சிவப்பு, கிருஷ்ணனுக்குப் பச்சை. பிறகு மரத்தில் செதுக்கிக் கண்ணாடித் துண்டுகள் பதித்த புஜக்கட்டை, மார்புப் பதக்கம், கிரீடம் ஒவ்வொன்றாகக் கயிற்றால் இறுகக் கட்டப்படும். சிறுவர்கள் துணியை விலக்கி எட்டிப் பார்ப்பார்கள், விரட்டினால் மறுபடியும் வருவார்கள். பக்கத்துத் தெருக்காரர் தேநீர் கொண்டுவந்து கொடுத்து ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போவார். அரைமணி நேரத்துக்கு முன் பீடி கேட்ட மனிதர் கிரீடத்தைத் தொட்டுக் கும்பிட்டு அணிந்துகொண்டதும் அவரோடு பேசிக்கொண்டிருந்தவர்களே சற்றுத் தள்ளி நிற்பார்கள். யாரும் சொல்லித் தள்ளி நிற்பதில்லை.

களரிக்குள் நுழைவதும் அப்படித்தான். இரண்டு பேர் பிடித்த துணித்திரைக்குப் பின்னே சலங்கை ஒலிக்கும், கிரீடத்தின் நுனி தெரியும், பாட்டு முடிந்த பிறகே முழு உருவமும் வெளிப்படும். அதன் பிறகு பார்வையாளர் நடிகரைத் தொடலாம், ஆனால் அதற்கு ஒரு முறை உண்டு. கூத்தின் கோமாளியும் அறிவிப்பாளருமான கட்டியக்காரனிடம் பணத்தைக் கொடுத்தால் இன்னார் இன்ன வேஷத்துக்குக் கொடுத்த அன்பளிப்பு என்று அவர் களரியில் அறிவிப்பார். அர்ச்சுனன் தபசு அன்று நடிகர் உயர்ந்த மரத்தில் பாடிக்கொண்டே ஏறுவார். குழந்தை வேண்டும் பெண்கள் ஈரச்சேலையோடு கீழே காத்திருப்பார்கள். மேலிருந்து அவர் எறியும் எலுமிச்சம்பழமும் பூவும் விபூதியும் யார் மடியில் விழுகிறதோ அவருக்கு அது வரம். துகிலுரிதலில் துச்சாதனன் வேஷக்காரர் சேலையைத் தொடுமுன் கற்பூரம் ஏற்றி அம்மனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்வார். பார்ப்பவரின் பக்தி, கோபம், ஆசை எல்லாவற்றுக்கும் கதைக்குள்ளேயே ஓர் இடம் இருந்ததால் கதை முடிந்த பிறகு நடிகரைத் தேடி வாசலில் நிற்க வேண்டிய அவசியம் யாருக்கும் வரவில்லை.

இதைப் பொற்காலமாக எழுதிவிடக் கூடாது. விடிந்து முகத்தைக் கழுவியதும் இரவு காலில் விழுந்து கும்பிட்ட கைகளே அதே மனிதரை அவர் சாதிக்குரிய இடத்தில் உட்கார வைத்தன. பேசிய கூலியை வாங்கக் காத்திருக்க வேண்டியிருந்தது. மரியாதை கிரீடத்துக்கே உரியதாக இருந்தது, கிரீடம் பெட்டிக்குள் போனதும் அதுவும் போயிற்று. கூத்தின் நெருக்கத்தைப் புகழும் ஆய்வாளர்கள் இந்தக் காலை நேரத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

வேஷமே எல்லை என்பதற்கு இந்த வட்டாரத்திலேயே மிகத் தெளிவான சான்று திருப்பதி தாத்தய்யகுண்டா கங்கம்மா ஜாத்திரை. பெண்களைச் சீரழித்த பாளையக்காரனைத் தேடி அம்மன் பல வேஷங்களில் ஊரைச் சுற்றி, துரை வேஷத்தில் அவன் தலையை வெட்டினாள் என்பது கதை. அதன்படி பைராகி, பண்ட, தோட்டி, துரை, மாதங்கி என வேஷங்கள் நாளுக்கு ஒன்றாக வருகின்றன. அம்மனின் வேஷங்களைக் கட்டும் உரிமை கைகாலா குடும்பத்தினருக்கு உண்டு. இங்கே நடிகரைத் தேடி ரசிகர் போவதில்லை. மேளத்தோடு வேஷம்தான் வீடு வீடாக வருகிறது. வாசலில் கோலமிட்டு, வந்தவரின் காலை மஞ்சள்நீரால் கழுவி, ஆரத்தி எடுக்கிறார்கள் வீட்டுப் பெண்கள். பண்ட வேஷம் கட்டியவர்கள் வாய்க்கு வந்தபடி திட்டுவார்கள், கேட்டவர் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. இந்த ஜாத்திரையை நெருங்கி ஆராய்ந்த ஜாய்ஸ் ஃப்ளூக்கிகர் 2013இல் நூலாகவே வெளியிட்டிருக்கிறார்.

சுவர் எப்போது வந்தது? பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் பார்சி நாடகக் குழுக்கள் வழியாகப் படுதா என்னும் திரைச்சீலையும் மேடைப் பக்கங்களை மறைக்கும் சைடு தட்டியும் டிக்கெட்டும் தென்னாட்டுக்கு வந்தன. பல்லாரியில் தர்மவரம் கிருஷ்ணமாச்சாரியார் நடத்திய சரச விநோதினி சபை 1891இல் சென்னைக்கு வந்து நாடகம் போட்டது. படித்தவர்களும் உத்தியோகஸ்தர்களும் வேஷம் கட்டி நின்றதைப் பார்த்த பம்மல் சம்பந்த முதலியார் அதே ஆண்டு சுகுண விலாச சபையைத் தொடங்கினார். சபை நாடகத்தில் நடிகரும் பார்வையாளரும் ஒரே வகுப்பு. பகலில் நீதிமன்றத்தில் சந்திப்பவர்கள் இரவில் ஒருவரையொருவர் மேடையில் பார்த்தார்கள். சித்தூரிலும் ராம விலாச சபை இயங்கியது. பின்னாளில் 'தியாகய்யா' படத்தால் தென்னாடு முழுக்க அறியப்பட்ட வி. நாகய்யா அங்கே நடித்து வளர்ந்தவர், ஊர்ப்பெயரைத் தன் பெயரோடு சுமந்தவர். சபைக்காரர் அரிதாரத்தைக் கழுவிய பிறகும் மரியாதைக்குரியவராகவே இருந்தார். கூத்துக் கலைஞருக்குக் கிடைக்காத இந்த ஒன்றைச் சபை நாடகம் சாதித்தது. ஆனால் தன் வகுப்பாருக்கு மட்டும்.

தொழில்முறைக் கம்பெனிகளின் நிலை வேறு. சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில்தான் டி.கே.எஸ். சகோதரர்கள் சிறுவர்களாகச் சேர்ந்தார்கள். இப்படிச் சிறுவர்களே நடித்த பாய்ஸ் கம்பெனிகளில் சாப்பாடு, பாடம், தூக்கம் எல்லாம் கம்பெனி வீட்டுக்குள்தான். வெளியாள் பையன்களோடு பழகுவதை முதலாளிகள் விரும்பவில்லை. ஒழுக்கம் ஒரு காரணம். நன்றாகப் பாடும் பையனை வேறு கம்பெனிக்காரர் ஆசை காட்டி இழுத்துப்போகும் பயம் இன்னொரு காரணம். என்னைக் கேட்டால் இந்த இரண்டாவது காரணமே பெரியது. பின்வாசலின் பூட்டு ரசிகருக்காக மட்டும் போட்டதல்ல, உள்ளே இருந்த பையனுக்காகவும் போட்டது.

கடப்பை மாவட்டத்தில் 1885இல் தோன்றிய சுரபி நாடகக் குடும்பங்கள் இதற்கு நேர்மாறான வழியில் போயின. அங்கே மேடைக்குப் பின்புறமே வீடு. அடுப்பும் தொட்டிலும் படுதாவுக்குப் பின்னால் இருந்தன. பெண் வேஷத்தைப் பெண்களே கட்டினார்கள். பாராட்ட உள்ளே போனவர் ஒரு குடும்பத்தின் விருந்தாளியானார். வீட்டுக்குள் நடந்துகொள்ளும் முறையே அங்கும் முறை.

தமிழ்நாட்டு ஸ்பெஷல் நாடக நடிகைகளுக்கு அந்த வசதி இல்லை. நடிகைகள் தனித்தனியே ஒப்பந்தமாகி முன்பின் தெரியாத ஊருக்குப் போவார்கள். சூசன் சீசர் 2005இல் வெளியிட்ட ஆய்வு அவர்களுடைய நடமாட்டத்தைக் கூர்ந்து பதிவு செய்கிறது. சாதாரணக் குடும்பப் பெண் போல உடுத்தி வந்து, யாரோடும் பேச்சு வைத்துக்கொள்ளாமல் நேரே மேடைக்குப் பின்னால் போய்விடுவார்கள். மேடையில் கேலியும் சிங்காரமுமாகப் பேசும் அவர்கள் மேடைக்கு வெளியே காட்டும் இறுக்கத்தைச் சில ரசிகர்கள் கர்வம் என்கிறார்கள். அவதூறுக்கு எதிராக அவர்களிடம் இருந்த ஒரே அரண் அது.

சினிமா இந்த வரலாற்றில் பின்வாசலை முன்வாசலுக்கே கொண்டுவந்துவிட்டது. 'புஷ்பா 2' படத்தில் நாயகன் சேலை கட்டி, முகத்தில் நீலம் பூசி ஆடும் காட்சி கங்கம்மா ஜாத்திரையிலிருந்து எடுத்தது. 2024 டிசம்பர் 4 இரவு ஹைதராபாத் சந்தியா திரையரங்கின் சிறப்புக் காட்சிக்கு அந்த நாயக நடிகர் நேரில் வந்தபோது நெரிசலில் ஒரு பெண் உயிரிழந்தார், அவருடைய சிறு மகன் படுகாயமடைந்தான். ரசிகர்களின் வெறி என்று மட்டும் இதை ஒதுக்குவது அநியாயம். அங்கே வந்தவர்களும் கண்ணால் பார்க்கும் ஆசையோடு வந்தவர்களே, திருப்பதியில் வாசலில் நிற்பவர்களைப் போல. திருப்பதியில் வேஷம் எந்தத் தெரு வழியாக வரும், யார் முதலில் கால் கழுவுவார், அது எவ்வளவு நேரம் நிற்கும் என்பதை ஒவ்வொரு வீடும் பரம்பரையாக அறிந்திருக்கிறது. முன்னே போகும் மேளம் தெருவை ஒழுங்குபடுத்திவிடுகிறது. திரையரங்க வாசலில் நடிகர் எப்போது வருவார், எந்தப் பக்கம் போவார் என்று கூட்டத்துக்கு யாரும் சொல்லவில்லை. ஆயிரம் வீடுகளுக்குத் தனித்தனியே பகிரப்பட்ட அந்த ஒரு நிமிடத்தை இங்கே அத்தனை பேரும் ஒரே வாசலில், ஒரே நேரத்தில் பெற வேண்டியிருந்தது.