நாத்துக்கட்டு சுமந்தவனுக்கு நாத்துப் பாடம்

பள்ளிப் பிள்ளைகளுக்கு விவசாயம் சொல்லித்தர வேண்டும், சோறு எங்கிருந்து வருகிறதென்றே அவர்களுக்குத் தெரியவில்லை என்று கவலைப்படுகிறார்கள். எந்தப் பிள்ளைகளுக்கு? நாத்துக்கட்டு சுமந்த நம்ம புள்ளைங்களுக்கு அது தெரியும். எட்டாமல் வைத்தது எழுத்தைத்தான்.

1953இல் சென்னை மாநிலத்தில் ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டமும் இப்படித்தான் பேசியது. கிராமத்துப் பிள்ளைக்குப் பள்ளி மூன்று மணி நேரம். மிச்ச நேரம் அப்பன் தொழில். குலக்கல்வி என்று பெரியார் எதிர்த்தார். தஞ்சைப் பண்ணையாள் பிள்ளைக்கு அப்பன் தொழில் எது? ஆண்டை வயலும் ஆண்டை மாடும்தானே. (மிராசுதார் பிள்ளைக்கு வரப்பில் நிற்கும் தொழில்!) 1954இல் ராஜாஜி விலக, காமராஜர் அதைக் கைவிட்டார்.

மண்டபத்தூருக்கு அந்தத் திட்டம் வரவேயில்லை. காரைக்கால் அப்போது பிரெஞ்சுக்காரன் கையில்; இந்தியாவோடு சேர்ந்தது 1954 நவம்பர் 1இல்தான். அதற்காக இங்கே சேரிப் பிள்ளைகள் தப்பித்தார்கள் என்றா சொல்வது? மாடு மேய்க்க அரசாணையா வேணும்?

பாடம் வரட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் தலைப்பாகை உழவர் படத்தோடு நிறுத்தாதீர்கள். நிலம் யார் பேரில், நட்டவளுக்குக் கூலி எத்தனை படி, கூலி கேட்ட ஊரான கீழவெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு 44 பேரை ஒரே குடிசையில் வைத்து எரித்தது ஏன் – இதையும் எழுதுங்கள்.