வழுக்கியது, தேய்ந்தது

ஜான் சார்ன்லியை யோசிக்க வைத்தது ஒரு கிரீச் சத்தம். 1950களில், பிரான்ஸின் ஜூடே சகோதரர்கள் வடிவமைத்த அக்ரிலிக் பந்தை இடுப்பில் பொருத்திக்கொண்ட ஒருவர் அவரிடம் வந்தார். சாப்பாட்டு மேசையில் முன்னால் சாய்ந்தாலே சத்தம் வரும். மனைவியால் பக்கத்தில் உட்கார முடியவில்லையாம். கேட்க வேடிக்கைதான். ஆனால் சார்ன்லிக்கு அதில் ஒரு பௌதிகம் தெரிந்தது: மூட்டில் ஊறும் திரவம் குருத்தெலும்புக்குத்தான் மசகு, பிளாஸ்டிக்குக்கு அல்ல. அப்படியானால் மசகே வேண்டாத, தானாகவே வழுக்கும் பொருள் வேண்டும்.

டெஃப்லானைப் பிடித்தார். லங்காஷயரின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் டெஃப்லான் கிண்ணம், அதற்குள் வெறும் 22 மி.மீ. எஃகுப் பந்து. பந்து சின்னதாக இருந்தால் உராய்வு கிண்ணத்தைத் திருகும் விசையும் குறையும், கிண்ணம் எலும்பிலிருந்து கழன்று வராது. கணக்கு சரி. வருஷக்கணக்கில் முடங்கிக் கிடந்தவர்கள் வலியில்லாமல் நடந்தார்கள்.

இரண்டு மூன்று வருஷம்தான். பந்து கிண்ணத்தைக் குடைந்துகொண்டு மேலே ஏறியது. உதிர்ந்த தூளைச் சுற்றித் திசு வீங்கி, பாலாடைக்கட்டி மாதிரி சேர்ந்தது. வழுக்குவது வேறு, தேயாமல் இருப்பது வேறு. இந்தப் பாடத்துக்கு விலை சுமார் 300 பேரின் இடுப்பு. சார்ன்லி டெஃப்லான் துணுக்குகளைத் தன் தொடையிலேயே ஊசியால் செலுத்திப் பார்த்தார். ஒன்பது மாதத்தில் கையில் தட்டுப்படும் முடிச்சுகளாயின.

மாற்று வந்த வழிதான் விசித்திரம். 1962இல் ஜவுளி இயந்திரப் பல்சக்கரங்களுக்கான ஒரு பிளாஸ்டிக்கை விற்க வந்தவரிடமிருந்து ஹாரி கிரேவன் ஒரு துண்டு வாங்கினார். சார்ன்லியின் பட்டறையில் தேய்மான இயந்திரத்தைக் கட்டிய தொழில்நுட்பர் அவர். உயர் மூலக்கூறு எடைப் பாலிஎத்திலீன். நகத்தால் கீறிப் பார்த்த சார்ன்லி, "நேரம்தான் வீண்" என்கிற தோரணையில் ஒதுக்கிவிட்டு வெளியூர் போய்விட்டார். கிரேவன் விடவில்லை, இயந்திரத்தில் மாட்டிவிட்டார். மூன்று வாரம் ஓடியும், டெஃப்லான் ஒரே நாளில் தேயும் அளவுக்குக்கூட அது தேயவில்லை! டெஃப்லான் அளவுக்கு வழுக்காத பொருள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

நவம்பரில் பொருத்த ஆரம்பித்தார். இந்த முறை, இறந்த பிறகு மூட்டைத் திருப்பித் தர முடியுமா என்று நோயாளிகளிடமே கேட்டு வைத்தார். பலர் சம்மதித்தார்கள். வருஷத்துக்குச் சுமார் 0.1 மி.மீ. தேய்ந்தது.