வில்லை எறிந்த துறை

வெலிங்டன் தீவின் மேற்குக் கரையில் நின்று நோக்குவார்க்குக் காயலுக்கு அப்பால் மட்டாஞ்சேரியின் பழைய பண்டகசாலைகள் தோன்றும். இத்தீவு பெரும்பாலும் மனிதர் ஆக்கிய நிலம். 1920-இல் கொச்சிக்கு வந்த பொறியாளர் இராபர்ட் பிரிஸ்டோ, காயலைத் தூர்வாரி எடுத்த மண்ணை வெண்டுருத்தித் தீவையொட்டிக் கொட்டி இதனை உருவாக்கினார். 1928 மே 26-இல் 'பத்மா' என்னும் கப்பல் உள்துறையில் நுழைந்தது. சென்னை ஆளுநராக இருந்த வெலிங்டன் பிரபுவின் பெயர் தீவுக்கு வாய்த்தது. பிரிஸ்டோ தம் நினைவுகளை நூலாகவே எழுதிவைத்தார். மூட்டை சுமந்தவர் கதையைச் சொல்ல மட்டும் ஒரு நாடகம் வரவேண்டியிருந்தது.

அக்கதையின் கரு 'சாப்பா' என்னும் ஒரு சொல்லில் அடங்கும். முத்திரை என்று பொருள்படும் அச்சொல், கொச்சித் துறையில் ஓர் உலோக வில்லையைக் குறித்தது. விடியலில் வேலை தேடி வந்த கூட்டத்தின் நடுவே ஒப்பந்தக்காரரின் ஆள் வில்லைகளை அள்ளி வீசுவான். கையில் அகப்பட்டவனுக்கு அன்று வேலை உண்டு. அகப்படாதவன் வீட்டில் அடுப்பு எரியாது. அண்டை வீட்டானோடும் உடன்பிறந்தானோடும் மண்ணில் புரண்டு அடித்துக்கொண்டுதான் அவ்வில்லையைப் பெறவேண்டும். கூலி குறைவு என்பதைக் காட்டிலும், மனிதனை மனிதன் மேல் ஏவிவிட்ட இந்த இழிவே பெரிதென்று எனக்குத் தோன்றுகிறது.

இம்முறையை எதிர்த்த போராட்டம் 1953 செப்டம்பர் 15-இல் மட்டாஞ்சேரியில் துப்பாக்கிச் சூட்டில் முடிந்தது. சைது, சைதலவி, அந்தோணி என்னும் மூவர் அப்போராட்டத்தில் உயிர்நீத்தனர். துறைமுகத் தொழிலாளர் வேலையை ஒழுங்குபடுத்தும் சட்டத்தை நடுவணரசு 1948-லேயே இயற்றியிருந்தது. ஆயினும் அதன்கீழ்க் கொச்சிக்கென ஒரு திட்டம் வர 1959 ஆயிற்று.

கலை சமுதாயத்தை மாற்றுமா என்று மேடைதோறும் வினவுகிறோம். தோப்பில் பாசியின் 'நிங்ஙளென்னெ கம்யூனிஸ்டாக்கி' 1952 இறுதியில் கொல்லத்தை அடுத்த சவரையில் அரங்கேறியது, 1957-இல் ஈ. எம். எஸ். அமைச்சரவை பதவியேற்றது. அந்நாடகமே ஆட்சியைக் கொணர்ந்தது என்பாருளர். அது மிகையுரை, எனினும் நாடகம் அங்கு அரசியலுக்கு முன்னே நடந்தது என்பதை மறுக்க இயலாது.

கொச்சியிலோ முறை மாறிற்று. குண்டு முதலில் வந்தது, அடுத்துத் திட்டம் வந்தது, கே. எம். சிதம்பரனின் 'துறைமுகம்' நாடகம் 1968-இல்தான் வந்தது. மாற்றத்தை அது விளைவித்தது என்று எவரும் கூறார். பின் அதன் பணி யாது? போராட்டத்தின் வெற்றியைப் பாடுவது எளிது; கட்சி மேடைகள் அதனைச் செய்துகொண்டுதான் இருந்தன. அவை எளிதில் சொல்லாத ஒன்றும் உண்டு. அந்நாடகத்தைத் தழுவி இராஜீவ் ரவி இயக்கிய திரைப்படம் 2023 மார்ச்சில் வெளிவந்தது. திரைக்கதை எழுதியவர் சிதம்பரனின் மகன் கோபன் சிதம்பரன். ஒரு தாய், அவளுக்கு இரு மைந்தர். தம்பி போராட்டத்தில் இறங்குகிறான். அண்ணனோ சாப்பாவைக் கையில் வைத்திருப்போர் பக்கம் நிற்கிறான். வில்லை எறியும் கைகளுள் நம்மவர் கையும் ஒன்று என்பதைச் சொல்லும் துணிவு அதற்கு இருந்தது. முழக்கத்துக்கும் நாடகத்துக்கும் இடையிலுள்ள தொலைவு இதுவே போலும்.

நம் மொழியிலும் இதற்கு இணை உண்டு. மட்டாஞ்சேரியில் குண்டு பாய்ந்த அதே 1953-இல்தான் தொ. மு. சி. இரகுநாதன் கைத்தறி நெசவாளர் துயரைப் 'பஞ்சும் பசியும்' என நாவலாக்கி வெளியிட்டார். ஒரே ஆண்டில் மலைக்கு மேற்கே சுமையாளரும் கிழக்கே நெசவாளரும் ஒரே பசியால் வாடினர். ஆனால் கிழக்கே நூல் உடனே பிறந்தது, மேற்கே பதினைந்து ஆண்டு கழிந்தது.

சரக்குப் பெட்டகங்கள் 2011 முதல் எதிரிலுள்ள வல்லார்பாடத்தில் பாரந்தூக்கிகளால் இறக்கப்படுகின்றன. அங்கு எவரும் வில்லை எறிவதில்லை; விடியலில் காத்து நிற்கும் கூட்டமும் இல்லை.