கல்வித் துறை அமைப்புச் சட்டம், 1979 (அமெரிக்கா)

அமெரிக்காவில் கல்விக்கெனத் தனி அமைச்சரவைத் துறையை உருவாக்கிய சட்டம். 1979 அக்டோபர் 17 அன்று அதிபர் ஜிம்மி கார்ட்டர் இதில் கையெழுத்திட்டார்.

முன்வரலாறு: அமெரிக்க அரசியலமைப்பில் கல்வி என்ற சொல்லே இல்லை. பள்ளிகள் மாநிலங்களின் பொறுப்பாகவே வளர்ந்தன. உள்நாட்டுப் போருக்குப் பின், 1867இல் முதல் கல்வித் துறை தோன்றியது. ஆணையர் ஹென்றி பர்னார்டு. அவருக்குக் கீழே எழுத்தர்கள் மூவர். பள்ளிகள் பற்றிய புள்ளிவிவரங்களைத் திரட்டி வெளியிடுவதே அவர்கள் வேலை. இத்தனை சிறிய துறைகூட மாநில உரிமையில் கைவைத்துவிடும் என்ற அச்சம் எழுந்தது. மறு ஆண்டே நாடாளுமன்றமான காங்கிரஸ் அதை வெறும் அலுவலகமாக்கி உள்துறைக்குள் அடக்கியது. 1953 முதல் அந்த அலுவலகம் சுகாதார, கல்வி, நலத் துறையின் கீழ் இயங்கியது.

1957இல் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக் செயற்கைக்கோளை ஏவியதும், அறிவியல் கல்வியில் பின்தங்கிவிட்டோமோ என்ற கவலையால் நிலைமை மாறியது. 1958இன் தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம், ஏழை மாணவர் பயிலும் பள்ளிகளுக்கு நிதியளித்த 1965ஆம் ஆண்டுச் சட்டம் ஆகியவற்றால் கூட்டாட்சி அரசின் கல்விச் செலவு பெருகியது. திட்டங்களோ பல துறைகளில் சிதறிக் கிடந்தன.

நிறைவேற்றம்: 1976 தேர்தலில் ஆசிரியர் சங்கமான தேசியக் கல்விச் சங்கம் கார்ட்டரை ஆதரித்தது. தனித் துறை அமைப்பது அவரது வாக்குறுதி. செனட்டர் ஆபிரகாம் ரிபிகாஃப் மசோதாவை முன்னெடுத்தார். மற்றொரு பெரிய ஆசிரியர் சங்கமான அமெரிக்க ஆசிரியர் கூட்டமைப்பு அதை எதிர்த்தது. பிரதிநிதிகள் அவையில் 1979 ஜூலையில் 210–206 என நான்கே வாக்கு வித்தியாசத்தில் மசோதா தப்பியது. செப்டம்பரில் இறுதி வடிவம் 215–201 என நிறைவேறியது. கூட்டாட்சி நீதிபதியாக இருந்த ஷெர்லி ஹஃப்ஸ்டெட்லர் முதல் அமைச்சரானார். 1980 மே 4 அன்று துறை செயல்படத் தொடங்கியது.

விதிகள்: ஒவ்வொருவருக்கும் சமமான கல்வி வாய்ப்பு கிடைக்கச் செய்வது சட்டத்தின் முதல் நோக்கம். அதற்காகக் குடிமை உரிமைகள் பிரிவு ஒன்றும் துறைக்குள் நிறுவப்பட்டது. பாடத்திட்டத்தையோ கற்பிக்கும் முறையையோ பள்ளி நிர்வாகத்தையோ இத்துறை கட்டுப்படுத்தக் கூடாது என்றும் சட்டம் விதித்தது. நிதி, தரவு, உரிமைப் பாதுகாப்பு ஆகியவையே இதன் முதன்மைப் பணிகள்.

பிற்காலம்: துறையை ஒழிப்பதாகச் சொல்லி 1980இல் வென்ற ரொனால்ட் ரேகனால் அதைச் செய்ய முடியவில்லை. அவர் ஆட்சியில் வெளிவந்த ‘ஆபத்தில் ஒரு நாடு’ அறிக்கை (1983), கல்வியை மேலும் தேசியப் பிரச்சினையாக்கியது. 2025 மார்ச்சில் அதிபர் டொனால்ட் டிரம்ப் துறையை மூடும் நடவடிக்கைக்கு ஆணையிட்டார். ஆனால் சட்டத்தால் பிறந்த துறையைச் சட்டத்தால்தான் கலைக்க முடியும். அந்த அதிகாரம் காங்கிரசுக்கே உரியது.